இடுப்பைவிட்டு இறங்காத குழந்தை

ஐந்தாம் மாதத்தில் ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவதைச் செங்கீரை என்றும், ஒன்பதாம் மாதத்தில் உட்கார்ந்தபடியே இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவதைச் சப்பாணி என்றும், ஓராண்டு நிறைகிற சமயத்தில் தளர்நடையாகத் தாயை நோக்கி வருவதை வருகை என்றும் பெயரிட்டுப் பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள், குழந்தையின் வளர்ச்சிக்கு ஒரு காலக்கணக்கை எழுதிவைத்துப் போயிருக்கிறார்கள். ஏட்டைத் தொடாத பாட்டிமாருக்கும் அந்தக் கணக்கு மனப்பாடம். கழுத்து நின்றதா, குப்புற விழுந்ததா, தவழ்கிறதா என்று வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் கேட்பது அன்பினால் கேட்கிற கேள்விதான். ஆனால் கழுத்து நிற்கவேண்டிய மாதம் கடந்தும் நிற்காமல், பாலாடையில் புகட்டும் பாலுக்கு அடிக்கடி புரையேறி, கட்டைவிரலை உள்ளடக்கி மூடிய கை திறவாமல், குளிப்பாட்டும்போது கால்கள் இரண்டும் கத்தரிக்கோலைப்போல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விறைத்துக்கொள்கிற ஒரு குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு, அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் நெஞ்சில் முள்ளாகத் தைக்கின்றன.

அவள் பயந்து வாய்திறக்கும்போது வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு. "சில பிள்ளைங்க மெதுவாத்தான் நடக்கும், இவன் அப்பனும் ரெண்டு வயசுலதான் நடந்தான்." சொல்பவர்களிடம் கெட்ட எண்ணம் கிஞ்சித்தும் இல்லை. ஆயினும் அந்த ஒரு வாக்கியத்தின் நிழலில் ஒரு வருஷம், சில வீடுகளில் இரண்டு வருஷம், திரும்ப வராத காலம் கழிந்துவிடுகிறது.

இக்குறைக்குத் தமிழில் பெருமூளை வாதம் என்று பெயர். மூளை முடக்குவாதம் என்று அரசாங்க ஆணைகள் எழுதுகின்றன. ஆஸ்பத்திரித் தாழ்வாரங்களில் காத்திருக்கும் தாய்மார் தங்களுக்குள் 'சி.பி. குழந்தை' என்று சொல்லிக்கொள்கிறார்கள். இவற்றில் வாதம் என்ற சொல் நமக்குச் சிறிது தீங்கும் செய்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அச்சொல்லைக் கேட்டதும் நம் ஜனங்களுக்கு இளம்பிள்ளை வாதம் நினைவுக்கு வருகிறது; இதையும் அதன் உறவென்று எண்ணி, எண்ணெய் காய்ச்சித் தேய்த்துக் காலைப் பிடித்து இழுத்தால் சரியாகிவிடும் என்று நம்பிவிடுகிறார்கள். இளம்பிள்ளை வாதத்தில் கிருமி தண்டுவடத்து நரம்பணுக்களைக் கெடுக்கிறது, தசை துவண்டு மெலிகிறது. பெருமூளை வாதத்திலோ கையிலும் காலிலும் ஆதியில் ஒரு பழுதும் இல்லை. அவற்றுக்குக் கட்டளையிடுகிற மூளை, கருவிலோ பிரசவத்திலோ பிறந்த சிறிது காலத்திலோ, இன்னும் வளர்ந்துகொண்டிருந்த நிலையில் காயம்பட்டிருக்கிறது. காயம்பட்ட இடத்தையும் அளவையும் பொறுத்து ஒரு குழந்தைக்கு ஒரு பக்கத்துக் கையும் காலும் மட்டும் இறுகும். ஒரு குழந்தைக்குக் கால்கள் இரண்டும் இறுகும். வேறொன்றுக்கு உடம்பு முழுவதும் தன் இச்சையின்றி நெளிந்து முறுக்கும். இன்னொன்றுக்கு நிலை தடுமாறும். ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் இரண்டு மூன்று குழந்தைகளுக்கு இது நேர்கிறது என்றால், நம்முடைய எந்தச் சிற்றூருக்கும் இது அந்நியமானதல்ல.

மூளையில் பட்ட அந்தக் காயம் பரவுவதில்லை, முற்றுவதும் இல்லை. பெற்றோருக்கு முதலில் சொல்லவேண்டிய செய்தி இது. ஆனால் காயம் நிலைத்து நிற்க, குழந்தையின் உடம்பு வளர்ந்துகொண்டே போகிறது. எலும்பு நீள, இறுகிய தசை அதனுடன் நீள மறுக்க, முழங்கால் மடங்கி, குதிகால் தரையில் படாமல் உயர்ந்து, முதுகு கோணிப்போகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தைக்கு இடுப்பெலும்பின் குழியிலிருந்து தொடையெலும்பு மெல்ல மெல்ல நழுவுகிறது. கிரமமாக எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் இதை ஆரம்பத்திலேயே கண்டுகொள்ளலாம். அப்படிப் பார்க்கவேண்டும் என்று எவரும் சொல்லாத காரணத்தால், பத்து வயதில் குழந்தை இரவெல்லாம் ஏன் அழுகிறது என்று விளங்காமல் திகைக்கும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. கூடப்பிறந்தது இவ்வளவு, கவனியாமையால் கூடியது இவ்வளவு என்று பிரித்துக் காட்ட ஒரு தராசு இருக்குமானால், இரண்டாவது தட்டின் பாரம் நம்மை வெட்கப்படச் செய்யும்.

எதனால் வந்தது என்ற கேள்வியைத் தாய் ஒருவிதமாகவும் வீடு ஒருவிதமாகவும் கேட்கின்றன. "ஏன் என் குழந்தைக்கு?" என்று அவள் கேட்க, "நீ என்ன செய்தாய்?" என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். கிரகணத்தன்று வாசலுக்கு வந்தாள், ஆகாததைத் தின்றாள், பூர்வஜன்மத்தில் எவர் குடியையோ கெடுத்தாள் என்று, பிள்ளை பெற்று எழுந்த உடம்பின்மேல் குற்றங்கள் அடுக்கப்படுகின்றன. வைத்திய சாஸ்திரம் இக்கேள்விக்கு விடை தேடி ஒன்றரை நூற்றாண்டு உழைத்திருக்கிறது. சிறு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் தாமே ஒரு கால் கோணப்பெற்றவரான வில்லியம் ஜான் லிட்டில் என்ற ஆங்கில அறுவை வைத்தியர், கடினமான பிரசவமும் பிறக்கும்போது நேரும் மூச்சுத்திணறலுமே காரணம் என்று 1861-ல் லண்டனில் பிரசவ வைத்தியர்களின் சங்கத்தில் எடுத்துரைத்தார். நெடுங்காலம் இது 'லிட்டில் நோய்' என்றே வழங்கிற்று. பின்னாளில் மன ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்ற சிக்மண்ட் ஃபிராய்டு, 1897-ல் எழுதிய நூலில், பிரசவம் கடினமானதே கருவில் முன்னமே நேர்ந்துவிட்ட வேறொரு கோளாறின் அறிகுறியாக இருக்கக்கூடும் என்று ஐயுற்றார். 50,000-க்கு மேற்பட்ட கர்ப்பங்களை அமெரிக்காவில் தொடர்ந்து கவனித்துச் சேர்த்த பதிவுகளைக் கரின் நெல்சன், ஜோனஸ் எல்லன்பெர்க் என்ற இருவர் ஆராய்ந்து 1986-ல் வெளியிட்டபோதுதான், மூச்சுத்திணறல் ஒரு சிறு பங்குக்கே காரணம் என்பது தெளிவாயிற்று. ஆக, ஃபிராய்டின் ஐயம் பலிக்க ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின.

நம் நாட்டில் மூச்சுத்திணறலின் பங்கு மேல்நாட்டைவிட அதிகம். "பிறந்ததும் பிள்ளை அழலைங்க" என்ற வாக்கியத்தை இக்குழந்தைகளின் தாய்மார் பலரிடம் கேட்கலாம். இன்னும் குறைமாதப் பிறப்பு, கருவைத் தாக்கும் ரூபெல்லா முதலிய தொற்று, பிறந்தபின் வரும் மூளைக்காய்ச்சல், அளவுமீறி ஏறவிட்ட மஞ்சள் காமாலை, மரபணுக் கோளாறு என்று காரணங்கள் பல. ஒரு காரணமும் புலப்படாத குழந்தைகளும் உண்டு. காமாலை ஏறிய சிசுவை நீல ஒளியின்கீழ் வைப்பதும், குறைமாதத்திலேயே பிரசவிக்கப்போகிற தாய்க்கு மக்னீசியம் சல்ஃபேட் ஊசி போடுவதும், மூச்சுவிடத் திணறும் சிசுவுக்கு முதல் நிமிஷத்திலேயே காற்றூட்டுவதும் இக்குறையைத் தடுக்கவோ தணிக்கவோ வல்லவை. இவையெல்லாம் ஆஸ்பத்திரி செய்யவேண்டிய காரியங்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். தாய் செய்யத் தவறிய காரியம் ஒன்றேனும் இந்தப் பட்டியலில் இல்லை.

உடம்பைப் பற்றிய தவறான எண்ணத்தைக் காட்டிலும் கொடியது அறிவைப் பற்றிய தவறான எண்ணம். பெருமூளை வாதமுள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அறிவு வளர்ச்சியில் குறைவில்லை. நால்வரில் ஒருவருக்குப் பேச்சு வருவதில்லை. இவ்விரண்டு கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எல்லாம் புரிந்திருந்தும் தனக்குப் புரிகிறது என்பதைத் தெரிவிக்க வழியின்றி, தன் தலைமாட்டில் நின்றே "இதுக்கு ஒண்ணும் தெரியாது" என்று பேசும் உறவினரின் பேச்சை ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டு கிடக்கும் ஒரு குழந்தையை நம்மால் கற்பனை செய்ய முடியும். டப்ளின் நகரத்துக் கொத்தனார் ஒருவரின் மகனாக 1932-ல் பிறந்த கிறிஸ்டி பிரௌனை உபயோகமற்ற பிள்ளை என்று வைத்தியர்கள் கைவிட்டபோது, அவன் தாய் மட்டும் கைவிடவில்லை. ஐந்து வயதில் சகோதரியின் கையிலிருந்த சாக்குக்கட்டியை இடது கால் விரல்களால் பற்றித் தரையில் ஓர் எழுத்தை எழுதிய அந்தச் சிறுவன், வளர்ந்து தன் சரித்திரத்தை 1954-ல் புத்தகமாக வெளியிட்டான். பம்பாயைச் சேர்ந்த மாலினி சிப் ஒரு விரலால் தட்டச்சு செய்தே இரண்டு முதுகலைப் பட்டங்கள் பெற்றார். எல்லாக் குழந்தைகளும் நூலாசிரியர்களாகிவிடுவார்கள் என்று ஆசை காட்டுவதற்காக இவர்களை நான் குறிப்பிடவில்லை. அறிவிலும் குறைவுள்ள குழந்தைக்கு நம்மிடம் உரிமை குறைவு என்று நினைப்பவனும் அல்ல. கேட்கப்படாத குழந்தையிடம் விடை இல்லை என்று தீர்மானிக்க நமக்கு நியாயமில்லை என்பதற்காகவே சொல்கிறேன். ஆம் என்பதற்குக் கண்ணை மேலே உயர்த்துவது, படங்கள் ஒட்டிய அட்டையில் வேண்டியதைப் பார்வையால் காட்டுவது ஆகிய எளிய ஏற்பாடுகள் தொடங்கி, சென்னையில் வித்யாசாகர் நிறுவனத்தோடு சேர்ந்து அஜித் நாராயணன் உருவாக்கிய, படத்தைத் தொட்டால் சொல்லை உரக்கச் சொல்லும் 'ஆவாஸ்' கருவி வரையில், பேசாத குழந்தையைப் பேசவைக்கும் வழிகள் நம் ஊரிலேயே இருக்கின்றன. நம் தெருக்களின் நாக்கு மட்டும் இன்னும் திருந்தவில்லை. கைகொட்டி மகிழும் பருவத்துக்குப் புலவர்கள் இட்ட சப்பாணி என்ற அழகிய பெயரை, நடக்கமாட்டாத குழந்தையை வைது அழைக்கும் பெயராகவும் வழங்கிவந்திருக்கிறோம்.

சரி, என்னதான் செய்வது? "பிசியோ கொடுங்கள்" என்று வைத்தியர் எழுதித் தருகிறார். அதை வாரத்துக்கு இருமுறை அரைமணி நேரம் எவரோ செய்துவிடுகிற காரியமாகப் பெற்றோர் விளங்கிக்கொள்கிறார்கள். உண்மையில், குழந்தையை எப்படித் தூக்குவது, எப்படி உட்காரவைப்பது, எப்படி ஊட்டுவது, எப்படிப் படுக்கவைப்பது என்பவை ஒரு நாளில் எத்தனை முறை நிகழ்கின்றனவோ அத்தனை முறையும் சிகிச்சைக்கான சந்தர்ப்பங்களே. படுக்கவைத்துப் பாலாடையால் புகட்டினால் பால் மூச்சுக்குழலுக்குள் இறங்கி நெஞ்சில் சளி கட்டுகிறது. முதுகை நிமிர்த்தித் தலையைச் சற்றே முன்னுக்குச் சாய்த்து உட்காரவைத்து, நீர்த்த உணவைக் கெட்டியான கூழ்ப்பதமாக்கிச் சிறு கரண்டியால் நாக்கின்மேல் வைத்து, விழுங்கும்வரை பொறுத்திருந்து ஊட்டினால், ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டிய எத்தனையோ நாட்கள் மிச்சமாகும். விறைத்த கால்களைப் பலாத்காரமாகப் பிரிக்கக்கூடாது; முழங்காலையும் இடுப்பையும் மெல்ல மடக்கிய பிறகு பிரித்தால் தாமாகவே இளகிக்கொடுக்கும். இடுப்பில் வைத்துத் தூக்கும் நம் தாய்மாரின் வழக்கம் இங்கே பெரிய உபகாரம் செய்கிறது. கத்தரித்துக்கொள்ளும் கால்கள் தாயின் இடையைச் சுற்றி அகன்றிருப்பதால் தசை இளகுகிறது, தொடையெலும்பும் தன் குழியில் பொருந்தி நிற்கிறது. தொட்டிலிலோ தோளிலோ நீட்டிப்போடுவதைவிட இதுவே நல்லது. உட்காரப் பழகாத குழந்தைக்கு விலையுயர்ந்த நாற்காலி கிடைக்கும்வரை, இரண்டு சுவர்கள் கூடும் மூலையில் இரு பக்கமும் பழைய புடவைச் சுருள்களை முட்டுக்கொடுத்து உட்காரவைக்கலாம். கைகள் அப்போது முன்னே வந்து பொம்மையைத் தொடத் துணியும். எண்ணெய் தேய்ப்பதை நான் பழிக்கவில்லை. குழந்தைக்கு அது இதம், தாயின் கை அதன் உடம்பை அறியும் நேரமும் அதுவே. இழுப்பும் முறுக்கும் மட்டும் வேண்டாம்.

இவை எல்லாவற்றுக்கும் காலம் முக்கியம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1997-ல் வகுத்த ஐந்து படிநிலைகளை இன்று உலகெங்கும் வைத்தியர்கள் கையாள்கிறார்கள்: தானே நடந்து படியேறும் குழந்தை முதற்படி, தலையை நிறுத்தவே துணை வேண்டும் குழந்தை ஐந்தாம் படி. அந்த அளவுகோலைக் கொண்டு நூற்றுக்கணக்கான குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்தபோது, உடலசைவில் ஒரு குழந்தை அடையக்கூடிய திறனின் பெரும்பகுதியை ஐந்து வயதுக்குள்ளாகவே, கடுமையான நிலையிலுள்ளது இன்னும் முன்னதாகவே, அடைந்துவிடுகிறது என்று கண்டார்கள். தேர்ந்த கண்ணுக்கு ஆறு மாதத்துக்குள்ளேயே குறை புலப்படும். ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட அந்தச் சிறு வாசலை, "அப்பனும் மெதுவாத்தான் நடந்தான்" என்று சொல்லி நாம் சாத்திவைத்திருக்கிறோம்.

குறை தெரிந்த பிறகு வேறொரு அபாயம் வாசலுக்கு வருகிறது. தண்டு உயிரணுக்களை முதுகில் செலுத்தினால் குழந்தை எழுந்து நடக்கும் என்று விளம்பரம் செய்து, வயலையும் தாலிச் சங்கிலியையும் விற்கவைக்கும் வியாபாரம் நம் நாட்டில் நடக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2017-ல் வெளியிட்ட நெறிமுறை, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுக்கு வெளியே இவ்வகைச் சிகிச்சையைப் பெருமூளை வாதத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு செய்ய இடந்தரவில்லை. இறுக்கத்தைத் தளர்த்தும் ஊசியும் மாத்திரையும் உண்டு. தசைநாணை நீட்டும் அறுவையும் உண்டு. தக்க குழந்தைக்குத் தக்க சமயத்தில் அவை உதவும். குணப்படுத்திவிடுவேன் என்று வாக்களிப்பவரிடமிருந்து மட்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவந்துவிடவேண்டும்.

தாய்க்கு உதவி எங்கே கிடைக்கும்? பம்பாயில் தம் மகள் மாலினிக்காக மிது அலூர் 1972-ல் தொடங்கிய பணியைப் பின்தொடர்ந்து, சென்னையில் 1981-ல் தமிழ்நாடு ஸ்பாஸ்டிக் சங்கமும், 1985-ல் பூனம் நடராஜனின் முயற்சியால் இன்று வித்யாசாகர் என்று வழங்கும் நிறுவனமும் தோன்றின. எத்தனையோ குடும்பங்களுக்கு வழிகாட்டிய இந்த இல்லங்களை நன்றியோடு நினைக்கிறேன். ஆனாலும் இவை இருக்கும் தாரமணியும் கோட்டூர்புரமும் ஒரு கல்ராயன்மலைத் தாய்க்கு எவ்வளவு தூரம்! மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஆரம்பகாலச் சிகிச்சை மையமே அவளுக்கு இரண்டு பஸ் பிரயாணம். கூலியை விட்டு, கூட வரும் கணவனின் கூலியையும் விட்டு, எட்டு வயதுக் குழந்தையை இடுப்பில் ஏந்தி அரைமணி நேரப் பயிற்சிக்காக ஒரு பகலைச் செலவிடுகிறவள், மூன்றாம் மாதத்தில் வராமல் நின்றுவிட்டால் 'பெற்றோரின் ஒத்துழைப்பு இல்லை' என்று பதிவேட்டில் எழுதுவது அநியாயம்.

இந்த அநியாயத்துக்குப் பரிகாரம் தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் கண்கூடாக இருக்கிறது. கடற்படை அதிகாரிக்கான தேர்வின்போது தண்டுவடம் முறிந்து, கழுத்துக்குக் கீழே இயக்கமிழந்த எஸ். ராமகிருஷ்ணன், தமக்குச் சிகிச்சை செய்த வைத்தியர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் 1981-ல் நிறுவிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களையே பயிற்றுவித்து, அவர்களைக் குழந்தையின் வீட்டுக்கு அனுப்புகிறது. அவர்கள் கைபேசியில் பதிவுசெய்யும் முன்னேற்றத்தை மையத்திலுள்ள சிகிச்சை நிபுணர்கள் பார்த்து அடுத்ததைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வந்தவள் அந்த வீட்டின் திண்ணையையும் அடுப்படியையும் பார்க்கிறாள். எந்த மூலையில் உட்காரவைக்கலாம், எந்தப் பாத்திரத்தில் ஊட்டலாம் என்று அங்கேயே காட்டிக்கொடுக்கிறாள். மாமியாரையும் பக்கத்தில் அழைத்து உட்காரவைத்துச் சொல்கிறாள். நகரத்து மையத்தின் மெத்தையில் செய்துகாட்டிய பயிற்சி வீட்டுக்கு வராது. வீட்டில் கற்ற பயிற்சி வீட்டிலேயே தங்கும்.

ஆகவே நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: குழந்தை உதவியைத் தேடிப் போகும் இன்றைய நடைமுறையை மாற்றி, உதவியே குழந்தையைத் தேடிச் செல்லும்படி அரசாங்கம் இதைத் திருத்தியமைக்கவேண்டும். அது அசாத்தியம் என்று சொல்ல இடமில்லை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை நோயாளிக்கு மாத்திரை வீட்டுக்கு வருகிறது, படுக்கையில் கிடக்கும் முதியவருக்குப் பிசியோதெரபியும் வருகிறது. உலக வங்கிக் கடனுதவியோடு நடக்கும் உரிமைகள் திட்டத்தின் 'விழுதுகள்' மையங்கள் பல சேவைகளை ஒரே கூரையின்கீழ் கொண்டுவர முயல்வது வரவேற்கத்தக்கது. அந்த விழுதுகள் ஊராட்சி வரையில் இறங்கவேண்டும். தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு சிசுவிடமும் கழுத்து, கைவிரல், கால் விறைப்பு ஆகிய மூன்றையும் பார்த்துச் சந்தேகம் எழுந்த அன்றே தெரிவிக்கக் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் கற்பிக்கவேண்டும். குழந்தையைப் பராமரிப்பதற்காக வேலையை விட்ட தாயின் உழைப்புக்குக் கூலி என்று கருதி உதவித்தொகையை நிர்ணயிக்கவேண்டும். இன்று அது கருணைத்தொகையின் அளவில் நிற்கிறது. அட்டைக்கும் சான்றிதழுக்கும் திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்து மரத்தடியில் குழந்தையோடு காத்திருக்கும் வழக்கம் அடியோடு ஒழியவேண்டும்.

பள்ளியைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை, சட்டமே தெளிவாகச் சொல்லிவிட்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனமுள்ள குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை. சேர்க்க மறுக்கும் தலைமையாசிரியரிடம் கெஞ்சவேண்டிய அவசியம் பெற்றோருக்கு இல்லை. எழுத்தில் கொடுங்கள் என்று மரியாதையாகக் கேட்டால் போதும். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளமும், உட்காரும் உயரத்துக்கு ஒரு மேஜையும், கழிப்பறைக்கு அழைத்துச்செல்ல ஒரு ஆயாவும் இல்லாத பள்ளியில் பெயர் மட்டும் பதிவேட்டில் இருப்பதைச் சேர்க்கை என்று கணக்கிடக்கூடாது.

இனி எல்லாப் பெற்றோரும் மனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு, இரவில் மட்டும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி: "நமக்குப் பிறகு யார்?" பெருமூளை வாதம், ஆட்டிசம், அறிவுவளர்ச்சிக் குறைவு, பலவகை ஊனம் ஆகியவற்றுக்காகவே 1999-ல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டம் இந்தக் கேள்வியை முன்வைத்தே பிறந்தது. அதன்கீழுள்ள நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரையில் மருத்துவச் செலவை, பயிற்சிச் செலவையும் சேர்த்து, ஏற்கிறது. பிள்ளைக்கு 18 வயது நிரம்பியபின் தானே முடிவெடுக்க இயலாத நிலையிருந்தால், சட்டப்படி ஒரு பாதுகாவலரை நியமிக்கும் பொறுப்பு, மாவட்ட ஆட்சியரும் ஒரு தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதியும் ஒரு மாற்றுத்திறனாளியும் அடங்கிய உள்ளூர்க் குழுவிடம் இருக்கிறது. பாதுகாவலர் சொத்தைக் கையாளும் விதத்துக்குக் கணக்குக் கொடுக்கவும் கடமைப்பட்டவர். இப்படி ஒரு குழு இருப்பதையே அறியாமல், மூத்த மகனின் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு கண்மூடும் தந்தைமார் இருக்கிறார்கள். அந்தக் குழு எந்த நாளில், எந்த அறையில் கூடும், விண்ணப்பத்தோடு எந்தெந்தக் காகிதங்கள் வேண்டும் என்பது ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்துப் பலகையிலும் நல்ல தமிழில் எழுதப்பட்டு, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அங்கன்வாடியில் வாசித்தும் காட்டப்படவேண்டும்.